உங்க இனிஷியல் யாரோடது?

மதுரையிலிருந்து பேசுறேன். இன்னிக்கு ஒரே ஒரு எழுத்தைப் பத்தித்தான் பேச்சு. நம்ம பேருக்கு முன்னாடி நிக்கிற இனிஷியல்.

"வீட்ல மதுரையா, சிதம்பரமா?" புது மாப்பிள்ளையைப் பார்த்தா பெருசுங்க கேக்குற கேள்வி இது. சிதம்பரம்னா புருஷன் ராஜ்ஜியம், மதுரைன்னா பொண்டாட்டி ராஜ்ஜியம். காரணம் மீனாட்சி. சித்திரைத் திருவிழாவுல பட்டாபிஷேகம் ஆகி, செங்கோல் அவங்க கைக்குப் போகும். ஆவணி வரைக்கும் அவங்க ஆட்சி. இன்னொண்ணை நாம அவ்வளவா கவனிக்கிறதில்லை. திருவிளையாடல் கதைப்படி, அவங்களைக் கல்யாணம் பண்ணிக்க வந்த சிவன், சுந்தர பாண்டியன் ஆகிடுறார். அதாவது பொண்ணு வீட்டோட குலப்பெயரை மாப்பிள்ளை எடுத்துக்கிட்டார்!

ஆனா அதே ஊர்ல, ஒரு பொண்ணுக்குக் கல்யாணம் ஆனதும் முதல்ல மாறுறது அவளோட இனிஷியல்தான். அப்பா எழுத்து போய், புருஷன் எழுத்து வரும். மாத்தியே ஆகணும்னு எந்தச் சட்டமும் கிடையாது. வழக்கம், அவ்வளவுதான். என்னோட பத்தாவது மார்க் ஷீட்ல ஒரு எழுத்து, கல்யாணத்துக்கு அப்புறம் திருத்தின ஆதார்ல இன்னொரு எழுத்து. ரெண்டும் ஒரே ஆள்தான்னு நிரூபிக்க நோட்டரிகிட்ட அஃபிடவிட் வாங்கினேன். கேக்குற உங்கள்ல பல பேருக்கு இது தெரிஞ்ச கதையா இருக்கும்.

சரி, இந்த ஊர்ல ஒரு பொண்ணு தன்னை எப்படி அறிமுகம் பண்ணிக்கிட்டாள்? இலக்கியத்துல நமக்குக் கிடைக்கிற பெரிய காட்சி, பாண்டியன் சபை. நீ யாரும்மான்னு ராஜா கேக்குறார். கண்ணகி சொல்ற வரிசையைப் பாருங்க. முதல்ல தன் ஊர் ராஜாக்களோட நீதி. அப்புறம் அந்த ஊர், புகார். அப்புறம் மாமனார் மாசாத்துவான். அப்புறம் கணவன் கோவலன். தன் பேரு கண்ணகிங்கிறது கடைசியிலதான் வருது. அவளைப் பெத்த அப்பா மாநாய்கன் பேரு அந்தப் பதில்ல இல்லவே இல்லை. ஒரு ராஜாவையே கேள்வி கேக்க வந்தவளுக்கும், தன் பேரைச் சொல்ல இத்தனை படி தாண்ட வேண்டியிருந்தது.

இப்போ இருபதாம் நூற்றாண்டுக்கு வருவோம். எம்.எஸ். சுப்புலட்சுமி. 1916ல மதுரையில பிறந்தவங்க. 'எம்' மதுரை. 'எஸ்' யாரு? அம்மா. வீணை வாசிச்ச சண்முகவடிவு. பாட்டி அக்கம்மாள் வயலின் கலைஞர். தேவதாசி மரபுல வந்த குடும்பங்கள்ல பெண்தான் வீட்டுத் தலைவி. கலையும் சொத்தும் அம்மாகிட்டயிருந்து மகளுக்குப் போகும், பெயரும் அப்படியே.

கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா இதை அழகா மட்டும் பார்க்க முடியாது. அந்த மரபுல பொட்டுக்கட்டுதல்ங்கிற பேர்ல நடந்த சுரண்டலை, அந்தச் சமூகத்துலயிருந்தே வந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் 1936லயே 'தாசிகள் மோசவலை'ன்னு நாவலா எழுதினாங்க. 1947ல மதராஸ் மாகாணம் சட்டம் போட்டு அந்த வழக்கத்தைத் தடுத்துச்சு. அது தேவையான சட்டம். ஆனா வழக்கம் போனாலும், அம்மா எழுத்து மேல ஒட்டின அவமானம் போகலை. இன்னிக்கும் சினிமாவுல 'இனிஷியல் இல்லாதவன்'னு சொன்னா அது பெரிய வசவு. அந்த வசவு போய் விழுறது யார் மேல? அவனோட அம்மா மேல. இவ்வளவு வசவுக்கு நடுவுல, எம்.எஸ். 1940ல சதாசிவத்தைக் கல்யாணம் பண்ணிக்கிட்ட பிறகும் அந்த 'எஸ்' மாறலை. 1966ல ஐ.நா. சபையில பாடினதும், 1998ல பாரத ரத்னா வாங்கினதும் அம்மாவோட எழுத்தோடதான்.

மதுரையிலிருந்து திருச்சி ரோட்டுல மேலூர் தாண்டிப் போனா துவரங்குறிச்சி. அங்க நடந்தது வேற மாதிரி. வயசுக்கு வந்ததும் ஒரு பொண்ணோட படிப்பு நின்னுது. வீட்டுக்குள்ளயே இருந்து ரகசியமா கவிதை எழுதினாங்க. சொந்தப் பேர்ல போட முடியாது, அதனால ஒரு புனைபெயர்: சல்மா. 2001ல பொன்னம்பட்டி பேரூராட்சித் தலைவர் ஆனாங்க. 2004ல 'இரண்டாம் ஜாமங்களின் கதை' நாவல் வந்துச்சு. 2025ல மாநிலங்களவைக்குப் போனாங்க. பதிவேட்டுல ரொக்கையா மாலிக். ஆனா ஊருக்குத் தெரிஞ்சது, ஒளிஞ்சுக்க வச்ச பேருதான். தானே தேர்ந்தெடுத்த பேரு.

இது நம்ம ஊர்ப் பிரச்சினை மட்டும்தானா? துருக்கியைப் பாருங்க. ஹலிதே எதிப்னு ஒரு பெரிய நாவலாசிரியர். முதல் கல்யாணத்துல கணவர் பேரைச் சேர்த்து ஹலிதே சாலிஹ். விவாகரத்துக்கு அப்புறம் அப்பா பேரைச் சேர்த்து ஹலிதே எதிப். 1934ல அங்க குடும்பப்பெயர் சட்டம் வந்ததும், ரெண்டாவது கணவரோட அதிவார்ங்கிற பேரும் சேர்ந்துச்சு. ஒரே எழுத்தாளர், மூணு அட்டைப்படம்! கணவர் பேரை எடுத்தே ஆகணும்ங்கிற விதியை எதிர்த்து ஒரு பெண் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரைக்கும் போய் 2004ல ஜெயிச்சாங்க. அப்பவும் துருக்கியோட அரசியல் சாசன நீதிமன்றம் அந்த விதியை ரத்து பண்ண 2023 ஆச்சு.

நம்ம பக்கம் கதவைத் திறந்ததும் ஒரு எழுத்தாளர்தான். கோயம்புத்தூர்ல பிறந்த கீதா ஹரிஹரன். மகன் பேர்ல முதலீடு பண்ற படிவத்துல அம்மா கையெழுத்து செல்லாதுன்னு சொன்னதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனாங்க. அப்பா உயிரோட இருந்தாலும், அவர் பொறுப்புல இல்லாத நிலையில அம்மாவும் இயற்கைக் காப்பாளர்தான்னு 1999ல தீர்ப்பு வந்துச்சு. 2016 டிசம்பர்லயிருந்து பாஸ்போர்ட்டுக்கு அப்பா, அம்மா ரெண்டு பேர்ல ஒருத்தர் பேரு போதும். கணவனை இழந்து மறுமணம் செஞ்ச ஒரு தாய்க்கு, குழந்தையோட குடும்பப்பெயரை முடிவு பண்ற உரிமை உண்டுன்னு 2022ல உச்ச நீதிமன்றம் சொல்லுச்சு.

சட்டம் இவ்வளவு தூரம் வந்தாச்சு. நம்ம வீட்டு ஸ்கூல் அட்மிஷன் ஃபார்ம் இன்னும் வரலை. அப்பா எழுத்து வேணும்னு ஒருத்தி வச்சுக்கலாம். கணவர் எழுத்தை ஆசையா மாத்திக்கலாம். அம்மா எழுத்தைச் சேர்த்து ரெண்டா போடலாம். எதுவும் தப்பில்லை. யாரும் அவகிட்ட கேக்காமலே மாத்திடுறதுதான் தப்பு.

அதனால ஒரு சின்ன வேலை. உங்க அம்மாவோட பழைய மார்க் ஷீட்டையும் இப்போ இருக்கிற ஆதார் அட்டையையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. எழுத்து மாறியிருந்தா, அதை மாத்தினது யாருன்னு அவங்ககிட்ட கேளுங்க. அவங்க சொல்ற கதையை எங்களுக்கு வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சேர்ந்து கேப்போம்.