வழியில் நின்ற வண்டிக்குத் துணை



மாவனல்லையைக் கடந்து கடுகண்ணாவைக் கணவாயில் ஏறும் மோட்டார் வண்டி, கொதிப்பேறி நின்றுவிடுகின்றது. உள்ளே பிள்ளைகள், வெளியே மழை. அவ்வேளையிலேதான் நம்மிற் பலருக்குக் காப்புறுதிப் பத்திரத்தின் நினைவு வருகின்றது.

சட்டம் கட்டாயமாக்கியுள்ள மூன்றாந்தரப்புக் காப்புறுதி, நம் வண்டியாற் பிறருக்கு நேரும் இழப்பையே ஈடுசெய்யும்; பழுதுபட்ட வண்டியை இழுத்துச் செல்லாது. முழுமையான காப்புறுதிகள் சிலவற்றில் வீதியுதவியும் அடங்கியிருக்கும். ஆதலால், வீதியுதவிக்கெனத் தனியே பணங்கட்டுமுன் கையிலுள்ள பத்திரத்தைப் படியுங்கள். ஒரே உதவிக்கு இருமுறை பணங்கொடுப்பானேன்?

வீதியுதவியை வாங்கத்தான் வேண்டுமெனின், மலைநாட்டார் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று.

முதலாவது, இழுத்துச் செல்லும் தூரம். கொழும்பிலிருந்து கண்டி ஏறத்தாழ 116 கிலோமீற்றர். இருபது கிலோமீற்றருடன் இலவசம் முடியுமாயின், மிகுதித் தூரத்துக்கான கூலி நம் தலையில் விழும்.

இரண்டாவது, உதவி எங்கிருந்து, எந்நேரத்தில் வரும்? மகியங்கனை வீதியில், பதினெட்டு வளைவுகளில் நள்ளிரவில் நிற்பவருக்குக் கொழும்பிலிருந்து புறப்படும் வண்டியால் என்ன பயன்?

மூன்றாவது, பற்றரி இறங்கினாலும் ரயர் காற்றுப் போனாலும் வருவார்களா? ஆண்டுக்கு எத்தனை முறை?

விடைகளை வாய்ச்சொல்லாக அன்றி எழுத்திலே பெறுங்கள். குறைந்த கட்டணத்தைக் கண்டு மயங்காதீர்கள். நீங்கள் நாள்தோறும் செல்லும் வீதிக்கு வந்து சேரும் உதவியே கொடுத்த பணத்துக்குத் தகுந்த உதவி.