வேர் மீட்கும் நிலம்



முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்ட நிலையே பாலை என்பது இளங்கோவடிகள் காட்டும் நெறி. பாலைக்கெனத் தனி நிலம் இல்லை. ஆயின் அங்கு நிலத்தைக் கெடுப்பது வேனில். மழை பெய்தால் முல்லை மீளும். மனிதன் தோண்டிக் கெடுத்த நிலமும் அவ்வாறே மீளுமா என்பது இக்காலத்து வினா.

பூவிருந்தவல்லிக்கும் குன்றத்தூருக்கும் இடையே சிக்கராயபுரத்தில் கைவிடப்பட்ட கல்குவாரிகள் உள்ளன. 2017ஆம் ஆண்டு வறட்சியில் அக்குழிகளில் தேங்கிய நீர், செம்பரம்பாக்கத்தில் சுத்திகரிக்கப்பட்டுச் சென்னையின் தாகம் தணித்தது. அம்பத்தூர், ஆவடி அன்பர்கள் அதனை மறந்திருக்கமாட்டார்கள். எனினும் பாறையை அறுத்தெடுத்த இடத்தில் எஞ்சுவது பாறையே. அங்கு வேருக்கு வேலை குறைவு. மண் மீளும் கதையைக் காணத் தெற்கே நெய்வேலிக்குத்தான் செல்லவேண்டும்.

நெய்வேலிச் சுரங்கப் பணியை 1957 மே 20 அன்று நேரு தொடங்கிவைத்தார். 1961இல் பழுப்பு நிலக்கரி வெளிப்பட்டது. கோடிக்கணக்கான ஆண்டுகட்கு முன் புதையுண்ட காடே அந்நிலக்கரி. அதனை எடுக்க, அதன்மேல் 50 மீட்டருக்கும் மிகுதியாகப் படிந்துள்ள மண்ணையும் மணற்கல்லையும் அகழ்ந்து குவிக்கவேண்டும். குவிக்கும்போது நிலத்தின் வரிசை புரண்டுவிடுகிறது. உழவன் தலைமுறை தலைமுறையாக எருவிட்ட மேல்மண் அடியில் போகிறது. ஒரு வேரையும் கண்டறியாத ஆழத்து மண் வெயிலுக்கு வருகிறது. அதில் மட்கு இல்லை, நுண்ணுயிர் அரிது. கனத்த எந்திரங்கள் ஏறியிறங்கி இறுகியும் போகிறது.

இறுகிய மண்ணில் வேர் படும் பாடு பெரிது. வேர்நுனி தன்மீது ஓர் உறையை அணிந்து, வழவழப்பான நீர்மத்தைச் சுரந்து, மண்துகள்களை விலக்கியே முன்செல்கிறது. மண்ணின் எதிர்ப்பு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 20 கிலோவை எட்டினால் பெரும்பாலான பயிர்களின் வேர் அநேகமாக நின்றுவிடும். பிளவு கிடைத்தால் மட்டுமே அது வளைந்து நுழையும். நுழைந்த வேர் வாங்குவதோடு நில்லாமல் கொடுக்கவும் செய்கிறது. அது கசியவிடும் சர்க்கரையை உண்டு நுண்ணுயிர்கள் பெருகுகின்றன; பூஞ்சை இழைகள் துகள்களைக் கட்டிப் பொலபொலப்பாக்குகின்றன. அவ்வேர் மடிந்தபின் விட்டுச்செல்லும் துளைவழியே மழைநீரும் அடுத்த வேரும் இறங்குகின்றன. இறந்த வேரும் உழைக்கிறது என்பது கவிஞர் கவனத்திற்குரியது.

புறத்தே வயிரமுடையது புல், அகத்தே வயிரமுடையது மரம் என்று பகுத்தவர் தொல்காப்பியர். சிதைந்த நிலத்தில் முதலில் ஊன்ற வேண்டியதும் புல்லே. கடலூர்க் கடற்கரை மணலில் பயிராகும் வெட்டிவேர், ஏற்ற மண்ணில் 3 மீட்டர் ஆழம்வரை நேராக இறங்கி மண்ணைப் பிணிக்கும். ஆங்கிலமும் பிரெஞ்சும் அதன் பெயரைத் தமிழிடமே கடன் பெற்றன. அடுத்து தக்கைப்பூண்டு, சணப்பு, கொழுஞ்சி. இவற்றின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றின் தழைச்சத்தை நிலத்திற்கு ஈட்டித்தரும். பயறு வகையைச் சேராத சவுக்குக்கும் இத்தகைய முடிச்சு உண்டு. நெய்வேலியிலும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் துணையோடு சுரங்கக் கழிமண்ணில் பயிரேற்றும் ஆய்வுகள் நடந்தன. நிலக்கரியிலிருந்தே பிரித்தெடுக்கும் ஹியூமிக் அமிலமும் மண்ணை வளப்படுத்தப் பயன்பட்டது. புதையுண்ட காடு புதுமண்ணுக்கு எருவானது.

ஆயினும் நட்ட மரங்களின் எண்ணிக்கையை மீட்சியின் அளவுகோலாகக் கொள்வது பிழை. பசுமை சில ஆண்டுகளில் வந்துவிடும். மண் வர எத்தனையோ தலைமுறை வேண்டும். மேல்மண்ணைத் தனியே வாரி, நெடுங்காலம் குவித்துவைக்காமல் மீண்டும் பரப்புவதே அந்தக் காலத்தைக் குறைக்கும் வழி. குவியலில் நாட்பட்டால் அதிலுள்ள உயிரும் மாயும். நிலம் கொடுத்த உழவன் கேட்பது நிழலன்று, மறுபடி நெல் விளையுமா என்பதே.

2023 சூலையில் சேத்தியாத்தோப்பை அடுத்த வளையமாதேவியில், பரவனாற்றுக் கால்வாய்க்காகக் கதிர்வரும் பருவத்து நெல்வயலில் எந்திரங்கள் இறங்கின. முன்பே கையகப்படுத்திய நிலம் என்றது நிறுவனம். விளைந்த பயிர் என்றனர் உழவர். வழக்கு உயர்நீதிமன்றம் வரை சென்றது. கிழிபட்ட வயல்களும் மிதிபட்ட கதிர்களும் செய்தித்தாள்களில் படமாயின. வேரோடு பெயர்ந்த அந்த மேல்மண் எங்கே கொட்டப்பட்டது என்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.