ஔஷத தானமும் தவறாத வேளையும்

(மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரை)



நால்வகைத் தானங்களுள் ஔஷத தானமும் ஒன்று. மருந்தை ஈந்தவுடன் அத்தானம் நிறைவுறுகிறதா என்பதே என் வினா.

என்னிடம் பயின்ற இளைஞர் ஒருவர் ஒரகடத்தில் பணிபுரிகிறார், எச்.ஐ.வி. தொற்றுக்கு மருந்து உட்கொள்பவர். அவர் இசைவு பெற்றே கூறுகிறேன். ஒரு வாரம் காலை ஷிப்ட், மறுவாரம் இரவு ஷிப்ட். விடுதி அறையில் அறுவர். மாத்திரைப் புட்டியைக் கண்டு எவரேனும் வினவுவரோ என அஞ்சிப் பல நாள் விழுங்காமல் விட்டிருக்கிறார். அடுத்த பரிசோதனையில் இரத்தத்தில் வைரஸின் அளவு ஏறியிருந்தது.

இந்தியாவில் இத்தொற்று முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986இல், சென்னை மருத்துவக் கல்லூரியில், டாக்டர் சுனிதி சாலமன் அவர்களின் முயற்சியால். 2004 ஏப்ரலில் அரசு கூட்டுமருந்தை விலையின்றி வழங்கத் தொடங்கியபோது, நமக்கு அருகிலுள்ள தாம்பரம் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை தொடக்க மையங்களுள் ஒன்றாயிற்று. ஆக, மருந்து உண்டு, விலையும் இல்லை. பின் இடர் எங்கே?

இவ்வைரஸ் தன்னைப் படியெடுக்கும்போது ஓயாது பிழை செய்கிறது. (ஏடு பெயர்த்தெழுதியோர் செய்த பிழைகளை நாமறிவோம்!) இரத்தத்தில் மருந்து நிறைந்திருக்குங்கால் படியெடுத்தலே நடவாது. மருந்து குறைந்தும் முற்றும் நீங்காமலும் இருக்கும் நாள்களிலேதான், அம்மருந்துக்கு அடங்காத பிழைப்படி தப்பிப் பெருகுகிறது. லாமிவுடினை வெல்ல ஒரே ஒரு மாற்றம் போதும். இன்று தரப்படும் டோலுடெக்ராவிர் எளிதில் தோற்பதன்று, ஆயினும் தோற்காததன்று. அடங்காத வைரஸ் பிறர்க்கும் தொற்றக்கூடும்.

வேளை தவறுதல் மட்டுமே காரணமன்று. இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளையும் அமிலத்தணிப்பு மருந்துகளையும் உடன் உண்டால் டோலுடெக்ராவிர் உடலில் சேர்வது குறையும். காசநோய்க்குரிய ரிஃபாம்பிசினும் அதன் அளவைக் குறைக்கும்; ஆதலின் அப்போது டோலுடெக்ராவிரை இருவேளை தருவர். ஊர் மாறும் ஒப்பந்தத் தொழிலாளர், புதிய ஊரின் மையத்திற்குப் பதிவை மாற்றாமல் மாதக்கணக்கில் மருந்தின்றி இருந்துவிடுவதும் உண்டு.

நம்மவர்க்கு இன்னொன்று. இரவில் உண்ணாமை நம் ஒழுக்கம். உபவாசம் நம் தவம். அதன்பொருட்டு மாத்திரையை விடுவதை நான் ஏற்கமாட்டேன். இம்மருந்தை உணவின்றியும் உட்கொள்ளலாம். மருத்துவரிடம் கேட்டு, பகலிலேயே ஒரு நேரத்தை வகுத்துக்கொண்டால் விரதமும் கெடாது. நீரும் அருந்தா நோன்பை நோயாளர் மேற்கொள்ளாதிருத்தலே தகும் என்பது என் கருத்து.

தொற்றைக் காட்டி வேலையை விட்டு நீக்குதலை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. ஆனால் அறைத்தோழரின் ஏளனப் பார்வையைச் சட்டம் தடுக்குமா? அங்கே வேண்டுவது நாம் தரும் அபய தானம்.

அவ்விளைஞர் இப்போது மாலை ஐந்து மணியை வகுத்துக்கொண்டுள்ளார். எந்த ஷிப்டாயினும் அவ்வேளையில் அவர் விழித்திருப்பார், கதிரவனும் மறைந்திரான். அடுத்த மாதம் வைரஸ் அளவை மீண்டும் பார்க்கிறார்கள். தாம்பரத்திற்கு நானும் உடன் செல்கிறேன்.