நாளை தந்தையாக வேண்டிய சிறுவர்கள்

குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் பெரும்பாலானவற்றை, நல்ல சிகிச்சை கிடைக்கும் இடங்களில், இன்று குணப்படுத்திவிட முடிகிறது. ஆறு வயதில் நோயில் விழுந்த பையன் பிழைத்து, படித்து, வேலைக்குப் போய், கல்யாணமும் செய்துகொள்கிறான். அதன் பிறகுதான் சிலருக்குத் தெரியவருகிறது, தங்களுக்குக் குழந்தை பிறக்க வாய்ப்பில்லை என்று. உயிரைக் காத்த மருந்தே விந்தணு உண்டாகும் வழியையும் அழித்திருக்கிறது. இந்த இழப்பைத் தடுக்க வழி உண்டா?

ஆணின் உடலில் பருவமடைந்த காலம் முதல் முதுமை வரை, நாள்தோறும் கோடிக்கணக்கில் விந்தணுக்கள் உருவாகின்றன. விரைக்குள் நூல்போல் மெல்லிய குழாய்கள் சுருண்டு கிடக்கின்றன. அவற்றின் உட்சுவரை ஒட்டி, மிகக் குறைந்த எண்ணிக்கையில் ஸ்டெம் செல்கள் இருக்கின்றன. இவை பெருகும்போது ஒரு பகுதி விந்தணுவாகும் பாதையில் போய்விடும். மறுபகுதி ஸ்டெம் செல்லாகவே தங்கிவிடும். எவ்வளவு பஞ்சம் வந்தாலும் விதைநெல்லில் கைவைக்காத குடியானவர் வீட்டு ஏற்பாடு இது. கடுமையான கீமோதெரபியும் கதிர்வீச்சும் அந்த விதைநெல்லையே அழித்துவிடக்கூடும்.

வயதுவந்த ஆணென்றால் சிகிச்சைக்கு முன்பே விந்தணுவை எடுத்து உறையவைக்கலாம். சிறுவனுக்கு அந்த வழி இல்லை. அவன் உடலில் விந்தணுவே இன்னும் உருவாகவில்லை. ஆனால் ஸ்டெம் செல்கள் அவனிடமும் உண்டு. அவற்றை எடுத்து வைத்து, நோய் குணமாகி வளர்ந்த பின் திரும்பக் கொடுத்தால்?

இதற்கு அடித்தளம் போட்டவர் ஒரு கால்நடை மருத்துவ விஞ்ஞானி. அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரால்ஃப் பிரின்ஸ்டர். 1994இல் அவரும் உடன் பணியாற்றியவர்களும், ஒரு சுண்டெலியின் விரையிலிருந்து எடுத்த செல்களை, விந்தணு உண்டாகாத மற்றொரு சுண்டெலியின் விரைக் குழாய்களுக்குள் நுண்ணூசியால் செலுத்தினார்கள். குழாயின் நடுவே விடப்பட்ட ஸ்டெம் செல்கள் தாமாகவே சுவர்வரை நகர்ந்து, தங்களுக்குரிய இடத்தில் போய் அமர்ந்தன. விந்தணு உண்டானது. குட்டிகளும் பிறந்தன. அந்தக் குட்டிகளில் பலவற்றுக்குத் தந்தைவழியாக வந்தவை, செல்களைக் கொடுத்த சுண்டெலியின் மரபணுக்கள்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, பெரிய எலி இனத்தின் ஸ்டெம் செல்களை, நோய் எதிர்ப்பு ஆற்றல் குன்றிய சுண்டெலிக்குள் வைத்தார்கள். சுண்டெலியின் விரையில் எலியின் விந்தணு உண்டானது. சுண்டெலியில் ஒரு விந்தணு உருவாகி முடிய ஏறக்குறைய 35 நாள்; எலியில் 50 நாளுக்கு மேல். வேறு இனத்தின் உடலுக்குள் குடிவந்த பிறகு எந்தக் கணக்கு செல்லும்? எலியின் கணக்கேதான் சென்றது. சுற்றியிருந்த சுண்டெலிச் செல்கள் விருந்தாளியின் வேகத்துக்கு ஒத்துப்போயின. இந்தத் துறையில் என்னை மிகவும் வியக்கவைத்த முடிவு இது. காலத்தை அந்தச் செல் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது.

சரி, சேமித்த செல்கள் உறைநிலையில் எவ்வளவு காலம் தாங்கும்? சிறுவன் வளர்ந்து ஆளாக இருபது ஆண்டு ஆகலாமே! 23 ஆண்டுகள் உறைந்து கிடந்த எலிச் செல்களைச் சுண்டெலிகளுக்குள் செலுத்திய சோதனை 2022இல் வெளியானது. புதிய செல்களைவிடக் குறைவாகத்தான் விளைந்தது, ஆனாலும் விளைந்தது.

மனிதருக்கு நெருங்கிய சான்று குரங்கிலிருந்து கிடைத்தது. பருவமடையாத ரீசஸ் குரங்குகளின் விரைத் திசுவை உறையவைத்து, பிறகு அதே குரங்குகளின் தோலுக்கடியில் பதித்தார்கள், அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் விஞ்ஞானிகள். குரங்கு வளர, பதித்த திசுவும் முதிர்ந்து விந்தணு தந்தது. அதைக் கொண்டு பிறந்த பெண்குட்டிக்குக் கிரேடி என்று பெயர் வைத்தார்கள். 2019இல் உலகம் அவளைப் பற்றி அறிந்தது.

தடை ஒன்று உண்டு, அதை மறைக்கக் கூடாது. ரத்தப் புற்றுநோயில், சேமித்த திசுவுக்குள்ளேயே நோய்ச் செல்கள் ஒளிந்திருக்கலாம். திருப்பிக் கொடுக்கும்போது நோயும் திரும்பிவிடக்கூடும். எலிகளில் அது நடந்தே இருக்கிறது. நோய்ச் செல்களைப் பிரித்தெடுக்கும் நம்பகமான முறை இல்லாமல் அந்தக் குழந்தைகளுக்கு இதைச் செய்ய முடியாது. சிறுவயதில் சேமித்த செல்களை வளர்ந்த ஆண்களுக்குத் திருப்பிக் கொடுக்கும் முதல் முயற்சிகள் அண்மையில்தான் தொடங்கியிருக்கின்றன. மருத்துவம் இன்னும் இதை ஆய்வு என்றே வகைப்படுத்துகிறது.

மகனுக்குப் புற்றுநோய் என்று கேட்ட நிமிடத்தில் எந்தத் தாய்க்கும் தகப்பனுக்கும் பேரன் பேத்தி நினைவு வராது. ஆனால் திசுவை எடுப்பதற்குரிய நேரம் முதல் கீமோதெரபிக்கு முன்புதான். ஆகவே இந்தப் பேச்சை மருத்துவர்தான் தொடங்க வேண்டும். தொடங்காவிட்டால் நீங்கள் கேளுங்கள். பையன் பருவமடைந்துவிட்டவன் என்றால் ஆய்வு முடிவுகளுக்குக் காத்திருக்கவும் வேண்டாம். விந்தணுவை உறையவைத்துச் சேமிப்பது பல்லாண்டுகளாக நடைமுறையில் இருக்கும் சாதாரண வசதி. அதற்குச் சில நாள் போதும்.