வியாபாரத்தில் இலக்கு

 

ஹிஜ்ரத் செய்து வெறுங்கையுடன் மதீனா வந்த அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களுக்கு, ஸஅத் பின் ரபீஉ (ரலி) அவர்கள் தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார்கள். அவருக்காக துஆச் செய்துவிட்டு, சந்தைக்கு வழி கேட்டார்கள் அந்த ஸஹாபி. பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றே வியாபாரத்தைத் தொடங்கினார்கள்.

நம் கடைவீதியில் நடப்பது வேறு. ரமலான் நெருங்கியதும், 'இந்தப் பெருநாளைக்கு இத்தனை லட்சம்' என்று ஒரு தொகையை மனத்தில் வைக்கிறோம். யாருக்கு, என்ன விலையில், எத்தனை உருப்படி என்று கணக்கிடுவதில்லை. பக்கத்துக் கடைக்காரர் நிரப்பியதைப் பார்த்து நாமும் நிரப்புகிறோம். அதற்காக வட்டிக்கும் கை நீட்டுகிறோம். பெருநாள் முடிந்தபின் சரக்கு அலமாரியிலும் வட்டி நம் தலைமீதும் இருக்கின்றன. இதை இலக்கு என்று சொல்ல மனம் வரவில்லை.

இலக்கு வைப்பதற்கு நம் மதுரையிலேயே ஒரு சான்று உண்டு. மருத்துவத்துறையாயிற்றே என்று ஒதுக்கிவிடாதீர்கள். அரவிந்த் கண் மருத்துவமனை 1976ஆம் ஆண்டு 11 படுக்கைகளுடன் டாக்டர் கோ. வெங்கடசாமி அவர்களால் தொடங்கப்பெற்றது. கண்புரை அறுவையின்போது கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸ் அந்நாளில் வெளிநாட்டிலிருந்து வந்தது. விலை சுமார் 100 டாலர். ஏழைக்குக் கனத்த மூக்குக்கண்ணாடியே கதி. 1992இல் ஆரோலேப் என்னும் தொழிற்கூடத்தை அவ்வமைப்பினர் இங்கேயே நிறுவினர். ஏழையும் பெறத்தக்க விலை எது என்பதிலிருந்து அவர்களுடைய கணக்கு புறப்பட்டது. முதலில் சுமார் 10 டாலருக்கும், பின்னர் அதனினும் குறைத்தும் லென்ஸ் தந்தார்கள். விலை இறங்க இறங்க, அதுவரை வாங்க இயலாதிருந்தோரும் வாங்கினார்கள். இன்று 100க்கும் மேற்பட்ட நாடுகளுக்கு அது மதுரையிலிருந்து செல்கிறது.

தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அதை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாகாதா என வியாபாரியிடம் கேட்டதை அறிவீர்கள். விற்பனைப் பிள்ளைகளுக்கு மாத இலக்கு வைக்கும் முதலாளிமார்களே! சாயம் போகும் துணியைப் போகாது என்று சொல்லும் நிலைக்கு அவர்களைத் தள்ளாதீர்கள்.

சரக்கு எடுக்கச் செல்லுமுன், கடந்த இரண்டு ரமலான்களில் விற்றதையும் மீந்ததையும் விலையுடன் உருப்படிவாரியாக எழுதிப் பாருங்கள். கைமுதல் அளவுக்கே எடுங்கள். வாரந்தோறும் இருப்பை ஒத்துப் பாருங்கள். முதல் போதாதவர்கள் வட்டிக்கடைப் படியேறுமுன், முதலுடையவரோடு முளாரபா முறையில் கூட்டுச் சேரலாம். லாபத்தில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதை முன்கூட்டியே எழுதிக்கொள்ள வேண்டும். அதை எழுதித்தர, இஷாவுக்குப் பின் பள்ளியில் இருப்பேன், இன்ஷா அல்லாஹ்.