ஊடலுக்குன்னே ஒரு தெரு: பசங்க இல்லாம ரெண்டு நாள் திருவண்ணாமலை

இந்த எபிசோட், "நாம ரெண்டு பேரும் கடைசியா எப்போ நிதானமா உக்காந்து பேசினோம்?"னு யோசிக்கிற அம்மா அப்பாக்களுக்கு. கல்யாணம் ஆகாதவங்களும் கேட்டு வச்சுக்கோங்க, பின்னாடி உதவும்.

கேள்வி இதுதான். கல்யாண நாளுக்கு, பசங்கள வீட்டுல விட்டுட்டு, கணவனும் மனைவியும் மட்டும் ரெண்டு நாள் வெளியூர் போகலாமா? போகலாம்னுதான் நான் சொல்லுவேன். எங்க போறதுன்னு கேட்டா, திருவண்ணாமலை.

"கல்யாண நாளுக்குக் கோயில் ஊரா?"ன்னு நீங்க கேக்குறது புரியுது. முதல் காரணம் ரொம்ப சாதாரணமானது. குழந்தைய விட்டுட்டு பாண்டிச்சேரி போறோம்னு சொல்லிப் பாருங்க, வீட்டுல ஆயிரம் கேள்வி வரும். திருவண்ணாமலைன்னு சொன்னா, "எங்களுக்கும் சேர்த்து வேண்டிக்கோங்க"ன்னு வழியனுப்பி வைப்பாங்க.

ரெண்டாவது காரணம்தான் முக்கியம். புருஷன் பொண்டாட்டி சண்டைக்குன்னே ஒரு தெருவும், ஒரு திருவிழாவும் இருக்கிற ஊர் அது. தெருவோட பேரு திருவூடல் தெரு. வருஷா வருஷம் தை மாசம் 2ஆம் தேதி, அதாவது மாட்டுப் பொங்கல் அன்னைக்கு, அண்ணாமலையாரும் உண்ணாமுலை அம்மனும் அந்தத் தெருவுல சண்டை போடுறாங்க. அம்மன் கோச்சுக்கிட்டு கோயிலுக்குத் திரும்பிப் போய் கதவைச் சாத்திக்கிறாங்க. சுவாமி அன்னைக்கு ராத்திரி குமரகோயில்ல தங்கிட்டு, மறுநாள் தனியா கிரிவலம் போயிட்டு வராரு. அதுக்கப்புறம்தான் ரெண்டு பேரும் சேர்றாங்க. அதுக்குப் பேரு மறுவூடல்.

சண்டைக்குக் காரணம் பிருங்கி முனிவர். அவர் சிவனை மட்டும்தான் கும்பிடுவார், பக்கத்துல இருக்கிற அம்மனைக் கண்டுக்கவே மாட்டார். அப்படிப்பட்ட ஆளுக்குப் போய் சுவாமி காட்சி கொடுத்தா, அம்மனுக்குக் கோவம் வராம என்ன செய்யும்?

எனக்கு இந்தக் கதையில பிடிச்சது பிருங்கிதான். அவர் கெட்டவர் இல்ல. அவருக்கு ரெண்டு பேர்ல ஒருத்தர் மட்டும் வேணும், அவ்வளவுதான். நம்ம வீட்டுலயும் பிருங்கிங்க இருக்காங்க. சின்னவளுக்கு ராத்திரி தூங்க அம்மா மட்டும் வேணும். ஆபீஸுக்கு அப்பா மட்டும் வேணும். யாரு மேலயும் தப்பில்ல, எல்லாம் அன்பும் கடமையும்தான். ஆனா நம்ம ரெண்டு பேரையும் சேர்த்துக் கேக்குறதுக்குத்தான் ஆள் இல்ல. அப்படியே வருஷம் ஓடிடுது. பேச்செல்லாம் ஷிப்ட் மாத்தும்போது சொல்லிட்டுப் போற தகவல் மாதிரி ஆயிடுது. டயபர் தீர்ந்துடுச்சு, ஸ்கூல் பீஸ் கட்டியாச்சா, நாளைக்குக் காலையில யாருக்கு மீட்டிங்.

நம்ம மொழியில ஊடலுக்கு எவ்வளவு மரியாதைன்னு பாருங்க. திருக்குறள்ல மொத்தம் 133 அதிகாரம். கடைசி அதிகாரத்தோட பேரு ஊடலுவகை. அறம், பொருள்னு ஆரம்பிச்சு 1330 குறள் எழுதினவர், கோச்சுக்கிட்டுச் சேர்றதுல இருக்கிற சந்தோஷத்துலதான் கொண்டு வந்து முடிக்கிறார். ஆனா ஊடலுக்கும் நேரம் வேணுமே! சின்னப் பசங்க இருக்கிற வீட்டுல சண்டைகூட முழுசா போட முடியாது. "அப்புறம் பேசிக்கலாம்"னு நிறுத்துறோம், அந்த அப்புறம் வர்றதே இல்ல.

சரி, பிளானுக்கு வருவோம். முதல்ல தேதி. பௌர்ணமி வேண்டாம், கார்த்திகை தீபம் வேண்டவே வேண்டாம். லட்சக்கணக்குல கூட்டம், ரூம் கிடைக்காது, கிடைச்சாலும் வாடகை எங்கயோ இருக்கும். கல்யாண நாள் எந்தத் தேதியா இருந்தாலும் பரவாயில்ல, அதை ஒட்டி வர்ற ஒரு செவ்வாய், புதனுக்கு லீவு போடுங்க.

சென்னையில இருந்து போறவங்க திண்டிவனம், செஞ்சி வழியா போங்க. செஞ்சிக் கோட்டையில அரை நாள் இறங்குங்க. மராட்டியர் கோட்டைகள் வரிசையில 2025 ஜூலையில யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்த இடம் அது. ராஜகிரி உச்சி வரைக்கும் படி ஏறணும். இடுப்புல குழந்தையைத் தூக்கிட்டு ஏற முடியாது, அதனாலதான் இப்போ ஏறச் சொல்றேன். தண்ணியும் தொப்பியும் மறக்காதீங்க.

அன்னைக்குச் சாயங்காலம் பெரிய கோயில். கிழக்கு ராஜகோபுரம் 217 அடி, 11 நிலை. கிருஷ்ணதேவராயர் ஆரம்பிச்சு வச்சது, தஞ்சாவூர் செவ்வப்ப நாயக்கர் காலத்துல முடிஞ்சது. மதியம் நடை சாத்திடுவாங்க, அதனால சாயங்காலமே போங்க. தரிசனம் முடிஞ்சதும் ஓடி வந்துடாதீங்க, பிரகாரத்துல ஒரு மணி நேரம் சும்மா உக்காருங்க. யாரும் "அம்மா, சுச்சு"ன்னு கூப்பிட மாட்டாங்க. முதல் பத்து நிமிஷம் அதுவே வித்தியாசமா இருக்கும்.

கோயிலுக்குக் கொஞ்ச தூரத்துலயே பவளக்குன்று இருக்கு. சின்னக் குன்றுதான். அம்பாள் இங்க தவம் இருந்து சிவனோட இடப்பாகத்தை வாங்கினாங்கன்னு தல புராணம். மேல அர்த்தநாரீசுவரர் சன்னதி இருக்கு. கார்த்திகை தீபத்தன்னைக்குப் பெரிய கோயில்ல அர்த்தநாரீசுவரர் ஒரு சில நிமிஷம்தான் வெளிய வருவார், அப்போதான் மலையில தீபம் ஏத்துவாங்க. பாதிப் பாதியா ஒண்ணு சேர்ந்த உருவம், வருஷத்துக்கு ஒரு தடவை, சில நிமிஷம். நமக்கு ரெண்டு நாள் கிடைக்குது, பெரிய விஷயம் இல்லையா?

மறுநாள் கிரிவலம். 14 கிலோமீட்டர், நிதானமா நடந்தா நாலு மணி நேரம் ஆகும். வெயில்ல தார் ரோடு காலைச் சுட்டுடும், அதனால விடியக்காலை நாலு மணிக்கே கிளம்பிடுங்க. இந்திர லிங்கத்துல இருந்து ஈசான்ய லிங்கம் வரைக்கும் எட்டு லிங்கம் வரும். வழியில சுக்கு காபியும் மூலிகை சூப்பும் விப்பாங்க. போன் பையிலயே இருக்கட்டும்.

என் அனுபவத்துல, முதல் ரெண்டு மூணு கிலோமீட்டர் பசங்களப் பத்திதான் பேச்சு ஓடும். அப்புறம் ஒரு அமைதி. அதைத் தாண்டினாதான் நிஜமான பேச்சு வரும். நானும் என் கணவரும் ஐஞ்சாவது கல்யாண நாளுக்குப் போனப்போ, ஆதி அண்ணாமலை கிட்ட வந்ததும் மூணு மாசமா தள்ளிப்போட்டுட்டு இருந்த கேள்வி வெளிய வந்துச்சு. ரெண்டு பேருக்கும் ராத்திரி ஆன்சைட் கால் இருக்கு, அதுல யாரு குறைச்சுக்கிறது? "நீதான் எப்பவும் முடியாதுங்கிற"ன்னு நான் சொல்ல, அவர் பதிலுக்குச் சொல்ல, சண்டையே வந்துடுச்சு. ஆனா கிரிவலப் பாதையில ஒரு வசதி. பாதி வழியில கோச்சுக்கிட்டுத் திரும்பினாலும் நடக்க வேண்டிய தூரம் கிட்டத்தட்ட அதேதான்! நடந்துகிட்டே சண்டை போட்டோம், நடந்துகிட்டே கணக்கும் போட்டோம். வாரத்துல ரெண்டு நாள் அவர் கால் எடுக்க மாட்டார்னு குபேர லிங்கம் வர்றதுக்குள்ள முடிவாச்சு. வீட்டுல இருந்திருந்தா இது இன்னும் ஒரு வருஷம் இழுத்திருக்கும்.

அன்னைக்கே காலுக்குத் தெம்பு இருந்தா, ரமணாசிரமத்துக்குப் பின்னாடி இருக்கிற பாதையில கந்தாசிரமம் ஏறுங்க. ஒன்பது கோபுரமும் கீழ மொத்தமாத் தெரியும். ரமணர் 1896ல, 16 வயசுல வீட்டை விட்டு இந்த ஊருக்கு வந்தவர். 1898ல அம்மா அழகம்மாள் பவளக்குன்றுக்கே வந்து கூப்பிட்டும் அவர் திரும்பிப் போகல. பின்னாடி அந்த அம்மாவே இங்க வந்து, இதே கந்தாசிரமத்துல மகனோட இருந்தாங்க. 1922ல மறைஞ்சாங்க. ரெண்டு நாள் பிரிவுக்கே தவிக்கிற நமக்கு, அங்க உக்காரும்போது வேற மாதிரி இருக்கும். பசங்க ஒரு நாள் அவங்க வழியில போயிடுவாங்க. அன்னைக்கும் நம்ம பக்கத்துல இருக்கப் போறது இந்த ஆள்தான்.

இப்போ குற்ற உணர்ச்சிக்கு வருவோம். "குழந்தைய எங்க விட்டுட்டு வந்தே?"ங்கிற கேள்வி எனக்கு வந்துச்சு, லாட்ஜ்லயும் கேட்டாங்க, பூக்கடையிலயும் கேட்டாங்க. பக்கத்துல நின்ன என் கணவர்கிட்ட யாருமே கேக்கல. அண்ணன்மாரே, அந்தக் கேள்விக்கு நீங்க முந்திக்கிட்டுப் பதில் சொல்லுங்க. அந்த ஒரு பதிலே உங்க மனைவிக்குப் பாதி பாரத்தைக் குறைக்கும்.

பாட்டி தாத்தா பாத்துக்கிறாங்கன்னா, அவங்க முட்டிவலிக்கும் ஒரு மரியாதை கொடுங்க. தேதியை அவங்ககிட்ட கேட்டு வைங்க. சமையலுக்கோ துணைக்கோ ஒரு ஆள் ஏற்பாடு பண்ணுங்க. மருந்து, டாக்டர் நம்பர், தூங்குற நேரம் எல்லாம் ஒரு பேப்பர்ல எழுதி பிரிட்ஜ்ல ஒட்டுங்க. பசங்ககிட்ட பொய் சொல்லிட்டு நழுவாதீங்க, "ரெண்டு தடவை தூங்கி எழுந்தா வந்துடுவோம்"னு சொல்லுங்க. வீடியோ கால் ஒரு நாளைக்கு ஒரு தடவை, அதுவும் சாப்பாட்டுக்கு அப்புறம். மணிக்கொரு தடவை முகத்தைக் காட்டினா குழந்தை அழும், நீங்களும் அழுவீங்க.

பாட்டி தாத்தா பக்கத்துல இல்லாதவங்க, நம்பிக்கையான ஒரு நண்பர் குடும்பத்தோட முறை வச்சுக்கோங்க. இந்த மாசம் அவங்க பசங்க உங்க வீட்டுல, அடுத்த மாசம் உங்க பசங்க அங்க. ரெண்டு நாள் முடியலைன்னா காலையில போய் ராத்திரி திரும்புங்க. அதுவும் முடியலையா, பீச்ல ரெண்டு மணி நேரம் நடங்க. ஊடலுக்கு ஒரு தெரு போதும், அது திருவண்ணாமலையிலதான் இருக்கணும்னு கட்டாயம் இல்ல.

நீங்க போயிட்டு வந்தா, கிரிவலத்துல எத்தனாவது கிலோமீட்டர்ல சண்டை ஆரம்பிச்சதுன்னு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல பேசுவோம்.