தள்ளிப் போன சிகிச்சை

(நல்லம்பள்ளியில் நடந்த கூட்டமைப்பு விழாவில் பேசியது)



தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழு முதலில் தொடங்கியது நம்ம தர்மபுரி மாவட்டத்தில்தான், 1989-ல். அதனால் சேமிப்பு, கடன் பத்தி நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. நான் பேச வந்தது வேற. கொரோனா தொற்றாமலே அந்தக் காலத்தில் பாதிக்கப்பட்ட பெண்களைப் பத்தி.

2020 மார்ச் 25-லிருந்து நாடு முழுக்க ஊரடங்கு. பஸ் இல்லை, ரயில் இல்லை. நம்ம பக்கத்தில் புற்றுநோய்னு தெரிஞ்சா சேலத்துக்கோ, பெங்களூருக்கோ, சென்னை அடையாறுக்கோதான் ஓடுவோம். சேலம்னா மாவட்ட எல்லை, பெங்களூர்னா மாநில எல்லை. மருத்துவத்துக்கு இ-பாஸ் கொடுத்தாங்க, இல்லைன்னு சொல்லலை. ஆனா அதைப் போனில் பதிவு பண்ணத் தெரியணும், அப்புறம் கார் வாடகைக்குப் பணம் வேணும். கூலி வேலையே நின்னு போன வீட்டில் எங்கே போறது? புற்றுநோயாளிக்கு ரயிலில் கட்டணச் சலுகை உண்டு. ரயிலே ஓடாதப்போ சலுகையை வெச்சுக்கிட்டு என்ன செய்ய?

எனக்குத் தெரிந்த ஒரு குழு உறுப்பினர், மார்பகப் புற்றுநோய். ஆறு முறை கீமோ மருந்து ஏத்தணும்னு சொன்னதில் மூணு முடிஞ்சிருந்தது. நாலாவது இரண்டு மாசத்துக்கு மேல தள்ளிப் போச்சு. இப்போ அவங்க நம்மோட இல்லை. தாமதத்தாலதான்னு எந்த டாக்டரும் உறுதியாச் சொல்லலை, நானும் சொல்ல மாட்டேன். ஆனா அவங்க மகள் இன்னும் அந்த இரண்டு மாசத்தைத்தான் பேசறா.

இது ஒரு வீட்டுக் கதை இல்லைங்க. நாடு முழுக்க 41 புற்றுநோய் மருத்துவமனைகளில் கணக்கெடுத்தாங்க. 2019 மார்ச் முதல் மே வரை புதுசாப் பதிவு செய்தவங்க 1,12,270 பேர். 2020-ல் அதே மூணு மாசத்தில் 51,760 பேர். பெரிய அறுவை சிகிச்சைகள் ஏறக்குறைய பாதியாக் குறைஞ்சது. நோய் குறையலை. அறுபதாயிரம் பேர் கட்டியோடவும் உதிரப்போக்கோடவும் வீட்டில் உட்கார்ந்திருந்தாங்கன்னுதான் நான் இதைப் படிக்கிறேன்.

அந்த வருஷம் ரிசர்வ் வங்கி ஆகஸ்ட் வரைக்கும் கடன் தவணையைத் தள்ளி வைக்க விட்டுச்சு. புற்றுநோய் அப்படித் தவணை கொடுக்காது. அறுவை சிகிச்சை நாலு வாரம் தள்ளிப் போனா இறப்பு அபாயம் 6 முதல் 8 சதவீதம் வரை கூடுதுன்னு 2020 நவம்பரில் வந்த ஆய்வு சொல்லுது. நாலு வாரம்னா நம்ம ஒரு மாதக் கூட்டத்துக்கும் அடுத்த கூட்டத்துக்கும் இடையில் இருக்கிற நாள்தான்.

சரி, ஊரடங்கு முடிஞ்சு போச்சு. இப்போ டவுன் பஸ் நமக்கு இலவசம். ஆனாலும் கடலைக்காய் பறிச்சு முடியட்டும், பிள்ளைக்குப் பரீட்சை முடியட்டும், மாட்டை யார் பார்க்கிறதுன்னு நாமே தள்ளிப் போடறோம். கர்ப்பப்பை வாய்னு சொன்னாலே சிரிச்சுக்கிட்டு எழுந்து போறவங்களும் இருக்காங்க.

முப்பது வயசு தாண்டினவங்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே அந்தப் பரிசோதனை உண்டு, காசு கிடையாது. நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, நிறம் வெள்ளையா மாறுதான்னு பார்ப்பாங்க. சில நிமிஷ வேலை. திண்டுக்கல் மாவட்டத்து கிராமங்களில் இதே பரிசோதனையைச் செய்து பல வருஷம் கவனிச்சாங்க. அந்த ஊர்களில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் இறப்பு 35 சதவீதம் குறைவு. 2007-ல் வந்த முடிவு அது. அந்த ஊர்ப் பெண்களும் நம்மை மாதிரி காட்டு வேலைக்குப் போறவங்கதான்.

மாதவிலக்கு நின்ன பிறகு உதிரம், உறவுக்குப் பிறகு உதிரம், துர்நாற்றத்தோட வெள்ளைப்படுதல், மார்பில் வலிக்காத கட்டி, இதில் எது இருந்தாலும் அடுத்த வாரம்னு சொல்லாதீங்க. வலி இல்லைங்கிறதுக்காகத்தான் நிறையப் பேர் விட்டுடறாங்க. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் கிடக்குதா, அதில் பேர் சரியா இருக்கான்னு இன்னைக்கே எடுத்துப் பாருங்க.

குழுக்களுக்கு ஒரு வேண்டுகோள். தீர்மானப் புத்தகத்தில் ஒரு பக்கம் ஒதுக்குங்க. முப்பது தாண்டினவங்க யார் யார் பரிசோதனை செய்யலைன்னு எழுதுங்க. தனியாப் போகக் கூச்சம்னா அஞ்சு பேராச் சேர்ந்து ஒரே நாளில் போங்க. சிகிச்சைக்கு வெளியூர் போக வேண்டியவங்களுக்கு வழிச்செலவுக்கு உள்கடனை அன்னைக்கே கொடுங்க, கூட்டம் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். துணைக்கு யார் போறாங்கன்னும் எழுதிடுங்க.

முதலில் போக எந்த ஊராட்சி தயார்னு சாப்பாட்டுக்கு முன்னாடி என்கிட்ட பேர் கொடுத்துடுங்க.